டீக்காசு

போன மாதம் வீட்டுக்கு ஒரு பீரோ வாங்கினேன். இரண்டு பையன்கள் மாடிக்கு ஏற்றிக் கொடுத்தார்கள். "டீக்காசு குடுங்க சார்" என்று பெரியவன் கேட்டதும் பைக்குள் போன என் கை அங்கேயே நின்றுவிட்டது. கொடுக்க மனசில்லாமல் இல்லை. எங்கப்பா ஞாபகம்.

அப்பா மதுரையில் கைவண்டி இழுத்தது. மரக்கடையிலிருந்து கட்டில், பீரோ, கல்யாணச் சீர் எல்லாம் அது வண்டியில்தான் போகும். 1978இல் ஒருநாள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு நானும் போனேன். உள்ளறை வரைக்கும் பீரோவைக் கொண்டுபோக அப்பாவோட தோள் வேண்டியிருந்தது. அந்த நேரத்துக்குத் தீட்டு இல்லை. இறக்கி வைத்ததும் "வாசலுக்குப் போ" என்றார்கள். அந்தம்மா படியில் நின்று காசை மேலேயிருந்து போட்டது. ஒரு எட்டணா உருண்டு சாக்கடை ஓரம் விழுந்தது. நான் குனிந்தேன். "எடுக்காதடா" என்றது அப்பா. தெருமுனை தாண்டியதும் வண்டியை நிறுத்திவிட்டு அதுவே திரும்பிப்போய் எடுத்துக்கொண்டு வந்தது. என்னைப் பார்க்கவில்லை.

கூலியைக் கூட்டிக் கேட்டால் கடைக்காரன் சொல்லுவான்: "அதான் எறக்குற வீட்டுல தர்றாங்கல்ல." இந்த ஒரு பதிலுக்குள் பெரிய வரலாறே இருக்கிறது. உழைப்புக்கு விலை சொல்லாமல், கொடுப்பவன் மனசுக்கு விட்டுவிடுகிற ஏற்பாடு இது. களத்துமேட்டில் நம்மாட்களுக்கு அளந்த தானியமும் இப்படித்தான். செங்கல்பட்டுப் பக்கத்துப் பழைய மிராசு ஆவணங்களில் ஊர் வேலை செய்தவர்களுக்கான பங்கின் பெயர் என்ன தெரியுமா? 'சுதந்திரம்'! மகாராஷ்டிரத்தில் மகர்கள் வீடுவீடாகப் போய் வாங்கிய பலுதாவும் இந்த ரகம்தான். அதை ஒழுங்கான பணச் சம்பளமாக மாற்ற வழி செய்யும் திருத்த மசோதாவை 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. கீழ்நிலை வதன்கள் ஒழிய 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோயில் நுழைவைப் பேசுகிற அளவுக்கு இந்த மசோதாவை நம்மவர்களே பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அமெரிக்காவிலும் கதை வேறில்லை. 1867இல் தொடங்கிய புல்மன் ரயில் கம்பெனி, அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பர்களைப் படுக்கைப் பெட்டிகளில் வேலைக்கு வைத்தது. சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணிகள் டிப்ஸாகத் தருவார்கள் என்று கணக்கு. முதலாளியின் பெயராலேயே எல்லோரையும் 'ஜார்ஜ்' என்று கூப்பிட்டார்கள் வெள்ளையர்கள். சிரித்தால்தான் காசு. டிப்ஸை நம்பிப் பிழைக்க வேண்டாத சம்பளம் கேட்டு 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டினார்கள்; பன்னிரண்டு வருசம் போராடி 1937இல் ஒப்பந்தம் வாங்கினார்கள். ஆனால் 1966இல் அந்த நாட்டுச் சட்டமே, டிப்ஸைக் குறைந்தபட்சக் கூலியில் கழித்துக்கொள்ள முதலாளிகளுக்கு இடம் கொடுத்தது.

இங்கே மகாராஷ்டிரத்தின் மாத்தாடி சட்டம் 1969இலும், தமிழ்நாட்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இலும் வந்தன. வாரியம் வந்தது, அட்டை வந்தது. அப்பாவுக்கு இதெல்லாம் காதில்கூட விழவில்லை. அதற்குள் இடுப்பு போய்விட்டது.

நண்பர்கள் கேட்கிறார்கள்: அப்போ டீக்காசு கொடுக்கலாமா, கூடாதா? கொடுக்காமல் கொள்கை பேசுவது நம் பையை மட்டும்தான் காப்பாற்றும். கேட்பதற்கு முன்னாலேயே, தலைக்கு இவ்வளவு என்று, கையில் கை பட வைத்துக் கொடுங்கள். கூடவே, அந்த வேலைக்குக் கடையில் என்ன கிடைக்கிறது என்றும் கேளுங்கள்.

நானும் கேட்டேன். பில்லில் டெலிவரி சார்ஜ் 600 ரூபாய் போட்டிருந்தது. "அது கடைக்கு சார். எங்களுக்கு நடைக்கு இவ்ளோன்னு தனியா. மாடின்னாலும் அதே காசுதான்" என்றான் சின்னவன். ஆளுக்கு இருநூறு கொடுத்தேன். தண்ணி கொண்டுவந்து, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். "வேர்வையா இருக்கு சார், அழுக்காயிடும்" என்று இரண்டு பேரும் நின்றுகொண்டே, செம்பை அண்ணாந்து குடித்தார்கள்.