மூன்றாம் ஹென்றியின் பொற்காசு

சிரசில் மகுடமும், ஒரு கரத்தில் செங்கோலும், மறு கரத்தில் சிலுவை சூடிய கோளமுமாகச் சிங்காதனத்தில் வீற்றிருக்கும் அரசனை ஒரு பக்கத்திலும், கோணந்தோறும் ரோஜா மலர்ந்த நெடுஞ்சிலுவையை மறுபக்கத்திலும் தாங்கிய அந்தப் பொற்பென்னியை, இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ஹென்றி 1257ஆம் ஆண்டில் குளோஸ்டர் வில்லியம் என்னும் பொற்கொல்லரைக் கொண்டு அடிப்பித்தான். அவன் தன் குலதெய்வம்போல் பூஜித்து, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தையே புதிதாக எழுப்பிச் சமர்ப்பித்த, முன்னாளில் இங்கிலாந்தை ஆண்ட எட்வர்ட் முனிவரசரின் வெள்ளிக்காசு ஒன்றிலும் இதே வீற்றிருந்த கோலம் உண்டு.

அந்தப் பொன் சேர்ந்த விதம் துயரமானது. ஒன்பது வயதில், உள்நாட்டுப் போரின் நடுவே முடிசூடிய ஹென்றி, 1250இல் சிலுவைப் போருக்குச் செல்வதாகச் சபதம் ஏற்று, கீழ்த்திசைச் செலவுக்கென்று, தனக்குச் சேரவேண்டிய காணிக்கைகளைக்கூடப் பொன்னாகவே வாங்கிப் பொக்கிஷத்தை நிரப்பினான். புனித பூமியை அவன் கண்டதேயில்லை. முதலில் சேர்த்த பொன், பிரான்சில் அவன் ஆண்ட காஸ்கனியின் போர்ச்செலவில் கரைந்தது. மீண்டும் சேர்த்தபோதோ, இளைய குமாரன் எட்மண்டைச் சிசிலிக்கு அரசனாக்கும் ஆசையால் போப்பாண்டவருக்கு 1,35,000 மார்க்குக்கு மேல் கடன்பட்டிருந்ததோடு, வேல்ஸ் நாட்டுப் போரும் வந்து சேர்ந்தது. யாத்திரைக்கென்று வைத்த பொன்னே இவ்விதம் காசாயிற்று.

இரண்டு வெள்ளிப் பென்னிகளின் எடையுள்ள இக்காசுக்கு 20 பென்னி என்று விலை விதித்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் அரசன் லண்டன் நகரத்தாரை அழைத்து அபிப்பிராயம் கேட்டபோது, தன் உடைமை முழுவதும் ஒரு பொற்காசு பெறாத ஏழைக்கு இதனால் என்ன பிரயோஜனம் என்றும், பொன் பலர் கையில் புழங்கினால் அதன் விலை இறங்கும் என்றும் அவர்கள் அச்சமின்றி எடுத்துரைத்தனர். எவரையும் வற்புறுத்துவதில்லை, விரும்பாதவர் 19½ பென்னிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அரசன் இணங்கினான். குடிகளின் சொல்லுக்குச் செவி சாய்த்த அந்த மென்மையை நான் பலவீனமாகக் கருதவில்லை. ஆனால் செலாவணி நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் காசின் மதிப்பு 24 பென்னியாக உயர்ந்தது; விதித்த விலையைவிட உலோகம் அருமையானபோது காசுகள் உருக்கப்பட்டன.

1258இல் பிரபுக்கள் அவன் அதிகாரத்தைப் பறித்தனர். 1264இல் லூயிஸ் போர்க்களத்தில் அவன் சிறைப்பட்டான். அவனுடைய கொள்ளுப்பேரன் மூன்றாம் எட்வர்ட் 1344இல் மறுபடி தொடங்கும்வரை அந்நாட்டில் எவரும் பொற்காசு அடிக்கவில்லை. உருக்கப்படாமல் தப்பிய காசுகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. அவற்றுள் ஒன்று 2021இல் டெவன் பிரதேசத்து வயலொன்றில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது; செங்கோலும் மகுடமும் அதில் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.