காய்ச்சல் மருந்தும் கண்ணின் திரையும்

மலாய் மொழியில் 'சிம்பாங்' என்பது சந்தி. 'அம்பாட்' என்பது நான்கு. மலாக்கா மாநிலம் அலோர் காஜா மாவட்டத்தில் உள்ள சிம்பாங் அம்பாட், பெயருக்கேற்ற நாற்சந்தி ஊராகும். அதனைச் சூழ்ந்த வட்டாரம் ரப்பர்த் தோட்டங்களைக் கண்டது. 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டதும் இம்மாநிலத்தில்தான். மலாயாவில் காடழித்துத் தோட்டமிட்ட தமிழர் பலரை மலேரியாக் காய்ச்சல் பலிகொண்டது. அன்று அதற்கு மருந்து கொயினா. அதனை அளவு மீறி உண்டால் காது இரையும், பார்வை மங்கும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவரே கண்டிருந்தனர். காய்ச்சல் மருந்தைப் பற்றிய கண்ணின் கவலை அத்துணைப் பழைமையானது.

1934இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஆண்டர்சாக் குளோரோகுயின் என்னும் மருந்தை ஆக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது கொயினாவின் இடத்தைப் பிடித்தது. 1951இல் இலண்டன் மருத்துவர் பேஜ், மெப்பக்ரின் என்னும் மற்றொரு மலேரியா மருந்து லூப்பஸ் நோயைத் தணிப்பதை எடுத்துரைத்தார். பின்னர்க் குளோரோகுயினும், 1955இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஹைட்ராக்சிகுளோரோகுயினும் லூப்பசுக்கும் முடக்குவாதத்துக்கும் மருந்தாயின. மலேரியாவுக்குச் சில நாள் மட்டும் உண்ட மருந்தை இந்நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் உண்ணலாயினர். இடர் பிறந்தது இங்கேதான்.

1959இல் ஹாப்ஸ், சார்ஸ்பி, ஃபிரீட்மன் ஆகிய மூவர், நெடுநாள் குளோரோகுயின் உண்டோரின் விழித்திரை கெடுவதை வெளியிட்டனர். இம்மருந்து கண்ணின் கருநிறப் பொருளோடு ஒட்டித் தங்குகிறது. ஆதலின், மருந்தை நிறுத்திய பின்னரும் கேடு தொடரக்கூடும். இழந்த பார்வை மீள்வதில்லை. முன்னரே காண்பதொன்றே காப்பு.

எவ்வாறு காண்பது? 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைத்த கண் அகநோக்கி விழித்திரையைக் காட்டியது. ஆயினும் பார்வை மையத்தைச் சுற்றி இலக்கு வட்டம் போன்ற வளையம் அதில் தெரியுமுன், கேடு முற்றிவிடும். 1991இல் அமெரிக்காவில் ஓ.சி.டி. என்னும் ஒளிப்படமுறை அறிவிக்கப்பட்டது. கண்ணைத் தொடாமலே, ஒளியின் எதிரொளிப்பைக் கொண்டு, விழித்திரையின் அடுக்குகளை அது குறுக்குவெட்டாக வரைந்து தருகிறது. ஒளியுணரும் அடுக்கு மெலிவதை, நோயாளி குறையொன்றும் உணராத நிலையிலேயே அதில் காணலாம். பார்வைப்புலச் சோதனையும் விழித்திரையின் தன்னொளிர்வுப் படமும் அதற்குத் துணையாகும்.

இங்கு நம்மவர் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கேடு மையத்தை அடுத்தே தோன்றும் என மருத்துவ உலகம் நெடுநாள் எண்ணியிருந்தது. 2015இல் மெல்லஸ், மார்மர் ஆகியோர் அமெரிக்காவில் செய்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பாதிக்கப்பட்ட ஆசிய வழியினருள் பாதிப்பேருக்குக் கேடு மையத்தைவிட்டு விலகிய புறப்பகுதியில் மட்டுமே இருந்தது. வெள்ளையருள் 2 விழுக்காட்டினருக்கே அவ்வாறு இருந்தது. மையத்தை மட்டும் நோக்கும் சோதனை ஆசியரின் நோயைத் தவறவிடக்கூடும் என்பது இதனால் தெளிவாயிற்று. ஒரு மக்களைக் கண்டு வகுத்த முறை எல்லா மக்களுக்கும் அப்படியே பொருந்துவதில்லை.

2016இல் அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் வகுத்த நெறிகள் இவ்வறிவைத் தழுவியவை. ஹைட்ராக்சிகுளோரோகுயினின் நாளளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமை மீறலாகாது. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 250 மில்லிகிராம். மருந்து தொடங்கிய முதலாண்டுக்குள் ஒரு சோதனையும், 5 ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதனையும் வேண்டும். சிறுநீரக நோயுடையோருக்கு முன்னதாகவே வேண்டும். ஆசியருக்கு மையத்துக்கு அப்பாலும் பார்த்தல் வேண்டும். உரிய அளவில் உண்போருக்கு முதல் 10 ஆண்டில் இடர் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. 20 ஆண்டு கடந்தால் ஏறத்தாழ 20 விழுக்காடு.

ஆகவே அஞ்சி மருந்தைத் தாமே நிறுத்துவதும் தவறு. கண் நன்றாகத்தானே தெரிகிறது என்று சோதனையைத் தள்ளிப்போடுவதும் தவறு. லூப்பஸ் நோயாளியின் உயிரைக் காக்கும் மருந்துகளுள் இதுவும் ஒன்று. கொயினாக் காலத்தில் பார்வை மங்கிய பின்னரே கேடு தெரிந்தது. இன்று மங்குமுன்னரே அதனைக் காட்டும் கருவி உண்டு. அக்கருவியின் முன் உரிய காலத்தில் சென்று அமர்வதே நாம் செய்ய வேண்டுவது.