கல்வெட்டுப் படமும் கழிந்துபோகும் எழுத்தும்



சம்புவராயர் தலைநகரான நம் படவேட்டின் கல்வெட்டுகள் சிலவற்றை ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ் 1890-இல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் வெளியிட்டார். கல்வெட்டைப் படியெடுக்க, ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றுவார்கள். எழுத்து அதே அளவில் பதியும்.

இன்று நாம் பகிரும் படங்கள் பெரும்பாலும் ஜேபெக். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, நடராஜன், ராவ் இருவருடன் சேர்ந்து 1974-இல் வெளியிட்ட கணக்குமுறையே 1992-இல் வந்த ஜேபெக்குக்கு அடிப்படை. அது படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களைக் கழிக்கும். கல்யாணப் படத்துக்கு அது போதும். தேய்ந்த கல்வெட்டிலோ அந்த மெல்லிய கோடுதான் எழுத்து. கழிந்தது திரும்பாது, கல் சிதைந்தால் படம் மட்டுமே சாட்சி.

ஆகவே கல்வெட்டுப் படங்களை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆகவே அனுப்புங்கள், மூலப்படத்தை அழிக்காதீர்கள்.