ஷி: புல்லும் பாயும்

கசாக் மொழியில் 'ஷி' என்பது ஒரு புல்லின் பெயர். அந்தப் புல்லின் தண்டுகளை இணைத்துப் பின்னும் பாய்க்கும் அதே பெயர்தான். உவர் மண்ணிலும் கொத்துக் கொத்தாக எழுந்து ஆளுயரம் வளரும் இந்த ஸ்டெப்பிப் புல்லைத் தாவரவியலார் அக்நதெரம் ஸ்ப்ளெண்டென்ஸ் என்பார்கள். வெளியார் இதை நாணல் வேலைப்பாடு என்று எழுதுவதுண்டு. நாணலுக்குக் கசாக்கியர் வைத்த பெயர் 'கமிஸ்'. அது வேறு செடி.

அண்டை மொழியான கிர்கிஸில் இந்தப் புல் 'ச்சிய்'. அங்கே 'ச்ச' என்று ஒலிப்பது கசாக்கில் 'ஷ' ஆகிவிடும். தலைமுடிக்குக் கிர்கிஸில் 'ச்சாச்', கசாக்கில் 'ஷாஷ்'. ரஷ்யர்கள் 'ச்சிய்' என்ற வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

பாயில் இரண்டு வகை முக்கியம். 'அக்' என்றால் வெள்ளை. கம்பளி சுற்றாத வெறும் பாய் 'அக் ஷி'. ஆட்டுரோமத்தை அதன்மேல் பரப்பி, வெந்நீர் தெளித்து, பாயோடு சுருட்டி உருட்டித்தான் ஃபெல்ட் செய்வார்கள். தண்டுதோறும் சாயக் கம்பளி சுற்றியது 'ஷிம் ஷி'. 'கீஸ் உய்' எனப்படும் ஃபெல்ட் கூடாரத்தில், மரச் சட்டகத்துக்கும் வெளிப் போர்வைக்கும் இடையே அது நிற்கும். கோடையில் போர்வையின் அடியைத் தூக்கிவிட்டால் காற்று வரும், தூசி வெளியே தங்கும். இக்கூடாரம் கட்டும் கசாக், கிர்கிஸ் மரபறிவை யுனெஸ்கோ 2014இல் தன் பட்டியலில் சேர்த்தது.

தோலுரித்த தண்டுகளை மாதிரிக் கோலத்தின் மேல் அடுக்கி, நிறம் மாறும் இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றாகக் கம்பளி சுற்றுகிறார்கள். தனித் தண்டைப் பார்த்தால் நிறத் துண்டுகள் மட்டுமே தெரியும். கல் கட்டிய நூல்களை முன்னும் பின்னும் மாற்றிப்போட்டுத் தண்டுகளைப் பிணைக்கும்போதுதான் கோலம் எழும்.

கோலத்துக்குக் கசாக்கில் 'ஒயு' என்று பெயர். வெட்டு, குடை என்னும் பொருளுள்ள வினையிலிருந்து பிறந்த சொல் அது. ஃபெல்ட்டில் கத்தி வளையும். 'கோஷ்கர் முயிஸ்' என்ற கிடாக்கொம்பு அங்கே அழகாகச் சுருளும். விறைத்த தண்டுக்கு வளைவு கிடையாது. ஷியில் கொம்பு படிப்படியான கோணமாகும், சாய்சதுரத்துக்குள் அடங்கும். பெயர் மட்டும் கொம்பாகவே நிற்கிறது. மந்தை பெருகும் வளம் என்ற பொருளும் அதோடு ஒட்டியிருக்கிறது.

நிறங்களுக்கும் பொருள் சொல்வார்கள்: சிவப்பு நெருப்பும் சூரியனும், வெள்ளை நன்மை, நீலம் வானம். நீலத்துக்குரிய 'கோக்' என்ற சொல் வானத்தையும் குறிக்கும், வசந்தத்தில் முளைக்கும் பசும்புல்லையும் குறிக்கும். ஆகவே பாயின் நீலத்தை வானம் என்று மட்டும் படித்து நிறுத்த அந்த மொழியே இடம் தருவதில்லை.

சொல் பாயையும் தாண்டிவிட்டது. இருவருக்கிடையே சிண்டு முடிபவரை, 'அவர்கள் நடுவில் ஷி ஓட்டினார்' என்பார்கள் கசாக்கியர். கூடாரத்தில் வாழ்ந்தே அறியாத நகரவாசிக்கும் இந்தத் தொடர் புரியும்.