மேசைக்கு வந்ததும் மேசையோடு போனதும்

ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வதென்றால் லண்டனில் அதை அவையின் முன் எடுத்து வைப்பது என்று பொருள். வாஷிங்டனில் அதே பேச்சுக்குக் கிடப்பில் போடுவது என்று பொருள். 1941 டிசம்பர் 22 முதல் 1942 ஜனவரி 14 வரை வாஷிங்டனில் நடந்த ஆர்க்கேடியா மாநாட்டில் இந்த வேறுபாடு இரு நாட்டுப் படை அதிகாரிகளையும் மோத வைத்தது. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. ஓர் அறிக்கையை அவசரமாகப் பேச விரும்பிய பிரிட்டிஷார் அதை 'டேபிள்' செய்யப்போவதாகச் சொன்னார்கள். அவ்வளவு முக்கியமானதை ஒதுக்கிவைக்கக் கூடாது என்று அமெரிக்கர்கள் எதிர்த்தார்கள். நெடுநேரம் கசப்போடு வாதாடிய பிறகுதான் இரு தரப்பும் ஒன்றையே கேட்கின்றன என்பது புலப்பட்டது. சர்ச்சில் தம் இரண்டாம் உலகப் போர் வரலாற்றின் மூன்றாம் தொகுதியில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அன்றுமுதல் இது மொழி வேடிக்கைகளில் ஒன்றாகவே சொல்லப்பட்டு வருகிறது. வேடிக்கை என்று கடந்துபோகத் தக்கதல்ல இது. இரண்டு பொருளும் நாடாளுமன்ற மேசையில் பிறந்தவை. மேசைக்கு வந்த தாளை மறுபடி கையில் எடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதுதான் அவற்றைப் பிரித்தது.

பிரிட்டிஷ் மக்களவையில் ஆளுங்கட்சி வரிசைக்கும் எதிர்க்கட்சி வரிசைக்கும் நடுவே ஒரு நீண்ட மேசை இருக்கிறது. சபாநாயகர் இருக்கையில் அமர்ந்திருக்கும்போது அவையின் செங்கோல் அதன் மேல் இருக்கும். அதன் தலைமாட்டில் எழுத்தர்கள் அமர்ந்திருப்பார்கள். 1941 மே மாதம் ஜெர்மன் குண்டுவீச்சில் அவைக்கூடம் அழிந்து, 1950இல் புதிய கூடம் திறக்கப்பட்டபோது அந்த மேசையைக் கனடா அன்பளிப்பாகத் தந்தது. ஒரு தாளை இந்த மேசையில் வைப்பது அதை அவையின் பொறுப்பில் ஒப்படைப்பதாகும். அது அன்றைய பதிவேட்டில் ஏறிவிடும். எந்த உறுப்பினரும் அதைப் பார்க்கலாம். கேள்விகளையும் தீர்மானங்களையும் உறுப்பினர்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் அலுவலகத்துக்கு இன்றும் மேசை அலுவலகம் என்றே பெயர். அங்கே கொடுத்த பிறகு, அப்படியொரு கேள்வி வரவேயில்லை என்று எந்த அமைச்சரும் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் வழக்கில் இந்தப் பேச்சு முன்வைப்பதைக் குறிக்கக் காரணம் இந்த நடைமுறைதான்.

அமெரிக்கர்களும் இதே மரபிலிருந்துதான் தொடங்கினார்கள். 1797 முதல் 1801 வரை துணைக் குடியரசுத் தலைவராக செனட்டுக்குத் தலைமை தாங்கிய தாமஸ் ஜெஃபர்சன், பிரிட்டிஷ் நாடாளுமன்ற நடைமுறைகளைப் படித்து ஒரு விதிக் கையேடு தொகுத்தார். அது 1801இல் வெளிவந்தது. வேறு அவசர வேலை குறுக்கிட்டால் ஒரு முன்மொழிவை மேசையில் கிடக்கவிடலாம், பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதில் உள்ள விதி. அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. ஆனால் நாளடைவில் பிரதிநிதிகள் சபையில் மேசையில் கிடத்தும் தீர்மானத்துக்கு விவாதமே கிடையாது என்றானது. சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றும் ஆனது. எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏட்டில் மட்டும் நின்றது. பெரும்பான்மைக்குப் பிடிக்காத ஒன்றை, அதற்கு எதிராக நேரடியாக வாக்களித்த பழி இல்லாமலே முடித்துவிடும் வழியாக மேசை மாறியது.

அந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதை 1836 காட்டியது. 1833இல் அமெரிக்க அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம் தொடங்கிய பின் அடிமைமுறையை ஒழிக்கக் கோரும் மனுக்கள் காங்கிரஸில் வந்து குவிந்தன. அவற்றில் கையெழுத்திட்டவர்களில் பெண்கள் ஏராளம். வாக்குரிமை இல்லாத அவர்களுக்கு அரசிடம் பேச மனு ஒன்றே வழி. தென் கரோலினாவின் ஹென்றி பிங்க்னி முன்னின்று கொண்டுவந்த தீர்மானத்தை 1836 மே 26 அன்று சபை 117க்கு 68 என்று ஏற்றது. அடிமைமுறை பற்றிய எந்த மனுவும் அச்சிடப்படாது, எந்தக் குழுவுக்கும் அனுப்பப்படாது, மேசையில் கிடத்தப்படும், அதன் பிறகு அதன்மீது எந்த நடவடிக்கையும் இராது என்றது அது. வரலாறு இதை வாய்ப்பூட்டு விதி என்கிறது. குடியரசுத் தலைவராக இருந்து ஓய்ந்தபின் மாசசூசெட்ஸ் உறுப்பினராகச் சபைக்கு வந்திருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ், மனு செய்யும் உரிமையே பறிபோகிறது என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 1844 டிசம்பர் 3 அன்று 108க்கு 80 என்ற வாக்கில் அந்த விதி வீழ்ந்தது. எட்டரை ஆண்டுகள் லட்சக்கணக்கானோரின் குரல் சபைக்குள் வந்தும் வராததுபோல் இருந்தது. மேசை என்ற சொல்லுக்கு அமெரிக்க அரசியலில் கிடப்பு என்ற பொருள் எப்படி உறுதிப்பட்டிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

கடல் கடந்த ஒரு மொழியில் சொற்கள் பொருள் மாறுவது இயல்புதானே, இதில் அதிகாரத்தைத் தேடுவானேன் என்று ஒருவர் கேட்கலாம். கடல்தான் காரணம் என்றால் அமெரிக்கா முழுவதும் ஒரே பொருள் இருக்க வேண்டும். அப்படி இல்லை. ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876இல் வெளியிட்ட விதிநூலைத்தான் அந்நாட்டின் சங்கங்களும் தேவாலயக் கூட்டங்களும் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. அதன்படி மேசையில் கிடத்தப்பட்டதை அவை விரும்பினால் மீண்டும் எடுக்கலாம். ஒன்றைக் கொன்றுபோட இந்த வழியைப் பயன்படுத்துவது தவறு. ஆக, ஊர்ச் சங்கத்தில் தற்காலிக ஒத்திவைப்பு, காங்கிரஸில் முடிவுரை. பிரிட்டனிலும் ஒரே பொருள் இருந்ததில்லை. 1842இல் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு, வாக்குரிமை கோரிய சார்ட்டிஸ்ட் இயக்கத் தொழிலாளர்கள் கொண்டுவந்த மனு, வாசலுக்குள் நுழையாமல் பிரித்து எடுத்துச் செல்லப்படும் அளவுக்குப் பெரியது. மனுதாரர்களை அழைத்துக் கேட்க வேண்டும் என்ற தீர்மானம் பெருவாரியான வாக்குகளில் தோற்றது. மனுக்கள் மீதான விவாதமும் அக்காலத்தில் விதிகளால் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. மேசையில் கிடக்கட்டும் என்ற ஆணையோடு அந்த மனுக்கள் கிடந்தன. அமைச்சரின் அறிக்கைக்கு மேசை அரங்கேற்றம் என்றால், தொழிலாளியின் மனுவுக்கு அதே மேசை கிடப்பு. பொருளை மாற்றியது கடலில்லை; மேசைக்கு வந்தவரின் செல்வாக்கு.

இன்னொரு மறுப்பு வலுவானது. நேரம் அளவானது, வந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருந்தால் எந்த அவையும் நடக்காது. சிலவற்றைத் தள்ளிவைக்கும் வழி எல்லா மன்றங்களுக்கும் வேண்டும். மறுக்க முடியாத உண்மை இது. ஜெஃபர்சனும் ராபர்ட்டும் அதற்குத்தான் வழி செய்தார்கள். ஆனால் தள்ளிவைப்பதற்கும் புதைப்பதற்கும் இடையில் அளந்து பார்க்கக்கூடிய வேறுபாடு உண்டு. தள்ளிவைத்ததை எப்போது, யார் கேட்டால் எடுப்பது என்று விதி சொல்கிறதா? காரணம் கேட்க ஒருவருக்காவது இடம் உண்டா? தாளில் இருப்பது அச்சாகி வெளியே போகிறதா? பிங்க்னி தீர்மானம் இந்த மூன்று கதவுகளையும் ஒருசேர அடைத்தது. நேரம் போதவில்லை என்பதற்கு அத்தனை அடைப்பு வேண்டியதில்லை.

இந்தியா பிரிட்டிஷ் வழக்கையே ஏற்றுக்கொண்டது. அரசியலமைப்பின் 151ஆம் பிரிவின்படி தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் வைக்கப்பட வேண்டும். விசாரணை ஆணையச் சட்டத்தின்படி ஆணையத்தின் அறிக்கையை, எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு, அரசு ஆறு மாதத்துக்குள் அவையில் வைக்க வேண்டும். நம் நாளிதழ்கள் இதைத் தாக்கல் என்கின்றன. 2018 மே மாதத் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 அக்டோபரில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் தாக்கலானதால்தான் பொதுமக்கள் அதைப் படிக்க முடிந்தது. இது சிறிய பயனில்லை. ஆனால் தாக்கலுக்குப் பிறகு எல்லாத் தாள்களுக்கும் ஒரே கதி இல்லை. தணிக்கை அறிக்கையை எடுத்து ஆராயப் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. நாடாளுமன்றத்தில் 1967 முதல் அதன் தலைமை எதிர்க்கட்சியிடம் இருப்பது மரபு. விசாரணை அறிக்கைக்கு அப்படியொரு குழு காத்திருப்பதில்லை; அதை அவை விவாதித்தே தீர வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவும் இல்லை. லண்டன் பொருளில் மேசைக்கு வந்த அறிக்கை வாஷிங்டன் பொருளில் மேசையிலேயே தங்கிவிட இங்கே வழி திறந்திருக்கிறது. அதை அடைப்பது கடினமான வேலையில்லை: தாக்கலான விசாரணை அறிக்கை ஒவ்வொன்றும் குறித்த நாளுக்குள் விவாதத்துக்கு வர வேண்டும், அந்த நாளை எதிர்க்கட்சியும் கேட்டுப் பெறலாம் என்று அவை விதிகளில் எழுத வேண்டும். அதுவரை, ஓர் அறிக்கை தாக்கலானது என்ற செய்தியைப் படிக்கும் குடிமக்கள், அதை எந்த நாளில் எடுக்கப்போகிறீர்கள் என்ற கேள்வியைத் தம் உறுப்பினரிடம் விடாமல் கேட்க வேண்டும்.