கட்டுமரமும் கேட்டமரனும்: கரையில் காத்திருக்கும் ஆபத்து

'கட்டுமரம்' என்பது வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலத்திற்கும் அது பொருந்தும். சோழமண்டலக் கரை மீனவரின் தொழில்முறையும் அவ்வாறே அமைந்திருந்தது. கடலுக்குச் செல்லுமுன் மரங்களைக் கயிற்றால் பிணைப்பர். கரை திரும்பியபின் அவிழ்த்து மணலில் உலர்த்துவர். நீரில் ஊறிய மரம் கனத்துவிடும் என்பதே காரணம். ஒவ்வொரு பயணத்திற்கும் முடிச்சு புதிதாக இடப்பட்டது. கடலில் உயிர் பிழைப்பது கரையில் இட்ட முடிச்சைப் பொறுத்திருந்தது.

இச்சொல்லை வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தம் பயண நூலில் பதிவு செய்தார். பின்னர் அது வடிவத்தால் முற்றிலும் வேறான ஒரு கலத்திற்குப் பெயராயிற்று. 1876இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெர்ரெஷாஃப் 'அமரில்லிஸ்' என்னும் இரட்டை உடல் பாய்ப்படகை ஓட்டினார். அவ்வடிவின் மூதாதை பாலினேசியருடைய இரட்டைப் படகுகளே. பெயர் மட்டுமே தமிழ்க்கரைக்கு உரியது.

1970ஆம் ஆண்டையொட்டிக் கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்டர் உருவாக்கிய 'ஹோபி 16', கட்டி அவிழ்க்கும் வழக்கத்தை வேறொரு வகையில் மீட்டது. வண்டியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுவரும் இப்படகில், அங்கு வந்தபின்பே பாய்மரம் நிறுத்தப்படுகிறது, திரும்புமுன் இறக்கப்படுகிறது. பாய்மரத்தின் உயரம் சுமார் 8 மீட்டர். அதன் அடி, கீல் ஊசியால் படகோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். பக்கக் கம்பிவடங்களை முதலில் மாட்டி, மரத்தை உயர்த்தி, முன்கம்பிவடம் பூட்டப்படும் வரை ஒருவர் அதைத் தாங்கி நிற்க வேண்டும். இறக்கும்போது பாயை முதலில் இறக்கி, மரத்தை ஒருவர் பிடித்துக்கொண்ட பின்னரே முன்கம்பிவடத்தைக் கழற்ற வேண்டும். வரிசை பிறழ்ந்தால் மரம் ஆள்மீது சாயும். பாய் ஏற்றும்போது படகின் முகம் காற்றை நோக்கி இராவிடில், தரையில் நிற்கும் படகே கவிழக்கூடும்.

இவற்றினும் கொடியது தலைக்குமேல் செல்லும் மின்கம்பி. அலுமினியப் பாய்மரம் அதைத் தொட்டதால் உயிரிழப்புகள் நேர்ந்தன. அதன் விளைவாக 1980களில் மரத்தின் மேற்பகுதி மின்கடத்தா இழைக்கண்ணாடியால் செய்யப்பட்டது. எனினும் கீழ்ப்பகுதி அலுமினியமே, கம்பிவடங்கள் எஃகே. ஆகவே மரத்தை உயர்த்துமுன் மட்டுமன்றி, உயர்த்திய மரத்துடன் படகை நீர்வரை தள்ளிச் செல்லுமுன்னும் மேலே நோக்குதல் இன்றியமையாதது.

முடிச்சைச் சோதித்த மீனவரின் கண் கீழே குனிந்தது; இன்றைய படகோட்டியின் கண் மேலும் நிமிர வேண்டியுள்ளது. பெயரில் உறையும் வினை மட்டும் மாறவில்லை. நேற்றுக் கட்டியது இன்றைக்கு உதவாது.