எஃகில் கார்பன்: அளவும் அமைவும்

கார்பன் கூடினால் எஃகின் கடினம் கூடும், வளையும் தன்மை குறையும் என்பது பள்ளிப் பாடநூல் முதல் பட்டறை வரை வழங்கும் விதி. குளிர்விக்கும் முறை மாறாத வரையில் அது சரியே. முறை மாறினால் விதி தளர்ந்துவிடும். எஃகின் பண்பை ஆள்வதில் கார்பனின் விழுக்காட்டைவிட, அக்கார்பன் இரும்புப் படிகத்தில் எங்கே, எந்த வடிவில் தங்கியிருக்கிறது என்பதே முதன்மையானது என இக்கட்டுரை வாதிடுகிறது.

அடிப்படை எளிது. ஏறத்தாழ 1,150 டிகிரி செல்சியசில் ஆஸ்டெனைட் என்னும் இரும்பு வடிவம் 2.1 விழுக்காடு வரை கார்பனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 727 டிகிரிக்குக் கீழே நிலைக்கும் ஃபெரைட்டோ 0.02 விழுக்காட்டைக்கூடத் தாங்குவதில்லை. எஃகின் பண்புகளில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. மெல்லக் குளிர்ந்தால், வெளித்தள்ளப்படும் கார்பன் இரும்புடன் கூடிச் சிமென்டைட் என்னும் கடினமான, நொறுங்கும் சேர்மமாகிறது. ஃபெரைட்டும் சிமென்டைட்டும் அடுக்கடுக்காகப் படிந்தது பியர்லைட். சட்டென்று குளிர்ந்தால் வெளியேற நேரமின்றிக் கார்பன் படிகத்துக்குள்ளேயே சிக்கி, அதை இழுத்துத் திரித்து மார்ட்டென்சைட்டாக்குகிறது. 0.77 விழுக்காடு கார்பன் கொண்ட ஒரே எஃகை இருவகையிலும் குளிர்வித்தால், தோய்ச்சல் பெற்ற துண்டின் கடினம் மற்றதைப் போல் மும்மடங்காகிறது. கார்பன் ஓர் அணுவும் கூடவில்லை.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வீடு கட்டும் டிஎம்டி கம்பியே போதும். உருட்டாலையிலிருந்து செந்தணலாக வரும் கம்பியின் மேல் நீரைப் பாய்ச்சுகிறார்கள். புறத்தோல் மார்ட்டென்சைட்டாகிறது, உள்ளிருந்து கசியும் வெப்பம் அதன் நொறுங்கும் தன்மையைத் தணிக்கிறது. நடுப்பகுதி மெல்லக் குளிர்ந்து ஃபெரைட்டும் பியர்லைட்டுமாக நிற்கிறது. ஒரே கம்பி, ஒரே கார்பன், இரண்டு பண்புகள். ஐஎஸ் 1786 தரத்தில் எஃப்இ 500 கம்பிக்கு அனுமதிக்கப்படும் கார்பன் உச்சவரம்பு 0.30 விழுக்காடுதான். ஆயினும் அதன் நெகிழ்வு வலிமை சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 500 நியூட்டன். பழைய மென்எஃகுக் கம்பிக்கு இது 250 அளவில் இருந்தது. வரம்பு விதித்ததற்கும் காரணம் உண்டு. கார்பன் மிகுந்த கம்பியைப் பற்றவைத்தால், விரைந்து குளிரும் இணைப்பில் தணிக்கப்படாத மார்ட்டென்சைட் உருவாகி விரிசல் விடும்.

எதிர்முனையில் தமிழகத்து மூசை எஃகு நிற்கிறது. நொய்யல் கரைக் கொடுமணலும் மேல்சிறுவளூரும் இதற்குத் தொல்லியல் தடயம் தந்த ஊர்கள். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் மண்மூசையில் இட்டு மூடி உலையில் வைக்கும் முறையைப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் விவரித்தார். கார்பனை ஏற்க ஏற்க இரும்பின் உருகுநிலை தாழ்கிறது. தூய இரும்புக்கு வேண்டிய 1,538 டிகிரியை எட்டாமலே உள்ளீடு உருகி, கசடு பிரிந்தது. விளைந்த கட்டியில் கார்பன் 1.5 விழுக்காட்டை ஒட்டி இருந்தது.

அத்தகைய இந்திய எஃகுக் கட்டியைக் கெய்ரோவிலிருந்து பெற்ற பிரெஞ்சு அறிவியலாளர் ரேமூர், பாரிஸ் கொல்லர் எவராலும் அதை அடித்து உருவாக்க முடியவில்லை என்று 1722இல் எழுதினார். அக்கொல்லர்கள் திறமையற்றவர்கள் அல்லர். கார்பன் குறைந்த தேனிரும்பைப் பழகிய வெண்சூட்டில், கார்பன் மிகுந்த எஃகின் படிக எல்லைகள் உருகத் தொடங்கிவிடும். பாஸ்பரஸ் இருந்தால் இன்னும் முன்னதாகவே. மெல்லக் குளிர்ந்தால் மிகைச் சிமென்டைட் அவ்வெல்லைகளில் வலையாகப் படிந்து, விரிசலுக்குப் பாதையாகிறது. அதே கட்டியைச் செஞ்சூட்டில் பலமுறை காய்ச்சிப் பொறுமையாக அடித்த மேற்காசியக் கொல்லர்கள் வலையை உடைத்துச் சிறுமணிகளாக்கினர். டமாஸ்கஸ் வாள் என்று புகழ்பெற்றது அதுவே. மணிகள் வரிவரியாக அணிவகுப்பதில் மிகச்சிறு அளவு வனேடியத்துக்குப் பங்குண்டு என வெர்ஹோவனும் பெண்ட்ரேயும் காட்டியிருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஷெர்பியும் வாட்ஸ்வொர்த்தும் 1970களில் இன்னும் ஒரு படி சென்றனர். 1 முதல் 2 விழுக்காடு கார்பன் கொண்ட எஃகில் சிமென்டைட்டை மிக நுண்ணிய மணிகளாக்கியபோது, தகுந்த சூட்டில் அது முறியாமல் பன்மடங்கு நீண்டது. பாடநூல் விதிப்படி நொறுங்கியிருக்க வேண்டிய எஃகு அது.

இதை மறுப்போர் வலுவான ஒரு சான்றை முன்வைக்கலாம்: மார்ட்டென்சைட்டின் கடினம் பெரும்பாலும் கார்பன் அளவையே பொறுத்தது. உண்மை, எஃகு எட்டக்கூடிய உச்சத்தைக் கார்பன் அளவுதான் வரைகிறது. ஆனால் 0.6 விழுக்காட்டைத் தாண்டியதும் அந்த ஏற்றம் மட்டுப்படுகிறது. மார்ட்டென்சைட் மாற்றம் அறை வெப்பநிலையில் முற்றுப்பெறாமல், மென்மையான ஆஸ்டெனைட்டின் ஒரு பகுதி எஞ்சிவிடுவதே காரணம். உச்சத்தை வரையும் இடத்திலும் அமைவு தலையிடுகிறது.

பழங்கால இரும்புப் பொருள்களை ஆராய்வோர் கார்பன் விழுக்காட்டை மட்டும் அட்டவணையிட்டு, அதிலிருந்தே கருவியின் தரத்தை முடிவுசெய்வது ஏற்கத்தக்கதன்று. நுண்ணமைப்புப் படமும் கடின அளவீடும் உடன் வர வேண்டும். முற்றிலும் துருவாகிப்போன பொருளில் மூலக் கார்பன் அளவைத் துல்லியமாக மீட்பது கடினம். ஆனால் ஃபெரைட் அரித்துப்போன பின்னும் சிமென்டைட் அடுக்குகளின் சுவடு சில வேளைகளில் துருவுக்குள் அப்படியே தங்கியிருக்கும். அந்தப் பொருள் எப்படிக் குளிர்ந்தது என்பதை நுண்ணோக்கியில் அங்கே படிக்கலாம்.